மாமி பங்கு வைத்த மாமரம்

அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கையில் நீளக் கம்பு. அதன் நுனியில், புது வீட்டு ஓட்டுக்கும் மேலே, வளைந்த வாள். மாமரத்துக் கொப்பின் நுனியில் வாளைக் கொளுவி ஒரு இழுவை இழுத்ததும் மரத்தூள் பொலபொலவென்று என் மூக்குக் கண்ணாடியில் கொட்டியது.

அந்தப் புது வீட்டின் முன்பக்கக் கொங்கிறீட் தட்டில் என் சகலன் ஹனீபா ஏறி நின்றான். என் பெண்சாதி ஜெமீலாவின் தங்கை றகீபாவைக் கட்டியவன். மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். தாழ்ந்த குரலில் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான்.

"காக்கா, கொஞ்சம் அங்கால. இல்ல, இஞ்சால. ஆ, அதுதான். மெதுவா இழுங்க, சத்தம் கேக்கும்."

"ஆருக்குடா கேக்கப் போகுது? பொஞ்சாதிமார் ரெண்டு பேரும் காத்தான்குடியில கலியாணச் சோறு திண்டுட்டு இரிக்காங்க."

"அவங்கட காதப் பத்தி உங்களுக்குத் தெரியா."

எனக்கா தெரியாது? தெரிந்ததால்தான் நானும் வாளை மெதுவாக இழுத்தேன். நரைத்த தாடியோடு இரண்டு ஆம்பிளைகள், பட்டப்பகலில், தாங்கள் குடியிருக்கும் வளவிலேயே கள்ளன்மாரைப் போல ஒரு கொப்பை வெட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தத் தொடரில் இதுவரை கத்தார் கதையாகவே எழுதித் தள்ளிவிட்டேன். "ஊட்டுக் கதை ஒண்டும் இல்லயா காக்கா?" என்று பள்ளிவாசல் வாசலில் வைத்து ஒருவர் கேட்டார். இல்லாமல் என்ன? பயத்தில்தான் எழுதவில்லை. இப்போது ஜெமீலாவிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். "என்ட பக்கத்தையும் ஒழுங்கா எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். எழுதிவிட்டு வாசித்துக் காட்டவும் வேண்டுமாம்.

பெட்டிக்குள் வந்த கம்பு

கத்தாரில் நான் பார்த்தது தோட்ட வேலை என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். தெருவோரப் பேரீச்ச மரங்களில் காய்ந்த மட்டைகளைக் கழிப்பது, பூங்கா மரங்கள் வழியை மறைக்காமல் கத்தரிப்பது. பெரிய மரங்களுக்கு இயந்திர ஏணி வரும். மற்றதெல்லாம் கம்புதான்.

ஒன்றுக்குள் ஒன்று புகுந்த அலுமினியக் குழாய்கள். பூட்டைத் தளர்த்தி இழுத்தால் நீளும், இறுக்கினால் நிற்கும். தலையில் பிறை போல வளைந்த வாள். அதன் அடியில் ஒரு கொக்கி, வெட்டிய கொப்பு வேறு கொப்பில் சிக்கினால் இழுத்து விழுத்த. பெற்றோல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கழுத்தும் பொறுமையும் இருந்தால் போதும்.

வாளின் பல் இழுக்கும்போதுதான் வெட்டும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு வாளில் குற்றம் சொல்வார்கள். நானும் முதல் மாதம் முழுக்கச் சொன்னேன்.

கத்தாரை முடித்துக்கொண்டு ஊருக்கு வரும்போது அப்படி ஒரு கம்பைச் சொந்தமாக வாங்கி, நீளமான அட்டைப்பெட்டியில் சுற்றிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் ஒருவர் மீன் பிடிக்கிற தூண்டிலா என்று கேட்டார். எனக்குச் சிங்களம் அரைகுறை. அண்ணாந்து நின்று மரம் வெட்டி நடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, தன் வீட்டிலும் ஒரு பலா நிற்கிறது என்று கையாலேயே சொன்னார்.

வெளிநாட்டுப் பெட்டி பிரிக்கும்போது எங்கள் ஊரில் யாரையும் அழைக்கத் தேவையில்லை. தானாகவே கூடிவிடுவார்கள். நீளப் பெட்டியைப் பார்த்து ஹனீபா திரைச்சீலைக் கம்பி என்றான். றகீபா ஏதோ விளக்கு என்றாள். ஜெமீலா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, பாவம்.

வாள் வெளியே வந்தது.

"இது என்ன?" என்று ஜெமீலா கேட்டாள்.

"கொப்பு வெட்டுற கம்பு."

"மாங்கா பறிக்கிற கொக்கத்தடி எங்கட ஊட்ட இல்லயா? அது ப்ளேன்லயா வரணும்?"

றகீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கை சிரித்ததும் ஜெமீலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் தங்கையும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பது அந்த நாளில் வழக்கமான பொழுதுபோக்கு. அதைப் பிறகு ஒரு காலத்தில் நான் தேடப்போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

கம்புக் காக்கா

முதலில் பக்கத்து வீட்டு முருங்கை. அதற்கடுத்து தெருக்கோடியில் ஒரு ஈரப்பலா. பிறகு பள்ளிவாசல் வளவில் காய்ந்து தொங்கிய தென்னோலைகள். ஒரு மாரி வந்து போவதற்குள் என் பெயரே மாறிவிட்டது. "கம்புக் காக்கா ஊட்ட இரிக்காரா?" என்று கேட்டுக்கொண்டு ஏறாவூரின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வந்தது. மரத்தில் ஏறுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது, இளசுகளுக்குக் கைபேசியை விட உயரமான இடம் பிடிக்காது. என் கம்புக்கு நல்ல கிராக்கி.

வாவியைச் சுற்றிக்கொண்டு குருக்கள்மடம் வரைக்கும் போயிருக்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். அவர் வீட்டு வேம்பு குளியலறைக் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வெள்ளிக்கிழம மட்டும் வேணாம் தம்பி. வெள்ளியில வேம்புல கத்தி வைக்கப்படாது," என்றார்.

"வெள்ளிக்கிழம எனக்கும் ஏலா டீச்சர். ஜும்ஆ இரிக்கி."

"அப்ப ரெண்டு பேருக்கும் சரி," என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் ஒரு முட்டித் தயிர் தந்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் எங்கள் இருவருக்கும் அதே பேச்சுத்தான், அதே தயிர்தான்.

கொப்பு வெட்ட ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு வெட்டு. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி மேலே இருந்து பெரிய வெட்டு. அப்படிச் செய்தால்தான் கொப்பு முறியும்போது மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. மிஞ்சிய கட்டையை அதன் பிறகு ஆறுதலாக எடுக்கலாம். கரண்ட் வயர் பக்கத்தில் போகிற கொப்பென்றால் எவ்வளவு கெஞ்சினாலும் தொடமாட்டேன். அலுமினியக் கம்பைக் கொண்டுபோய்க் கரண்டோடு விளையாட எனக்கு விருப்பமில்லை.

இந்தத் தொழிலின் எதிரி முசுறுதான். மாவிலையைத் தைத்துக் கூடு கட்டுகிற அந்தச் சிவப்பு எறும்பு, கூட்டோடு தலையில் விழுந்து, கழுத்து வழியாக இறங்கி, சாரனுக்குள் போய்ச் சேரும்வரை கடிக்காது. சேர்ந்த பிறகு எல்லாம் ஒன்றாகக் கடிக்கும். ஒரு முறை மரியாதையான ஒரு வீட்டு முற்றத்தில் நான் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுத முடியாது.

மாலையில் கழுத்து விறைத்துப் போய், சோற்றுக் கோப்பையைக்கூடக் குனிந்து பார்க்க முடியாமல் வந்து உட்காருவேன். ஜெமீலா எண்ணெய் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போது ஏச்சும் சேர்ந்து வரும். இரண்டும் எனக்குச் சுகமாகத்தான் இருந்தன.

அகப்பைக் காம்பு காட்டிய பக்கம்

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவன். நானும் அப்படி வந்தவன், ஹனீபாவும் அப்படி வந்தவன். சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பதில் நாங்கள் அபிப்பிராயம் சொல்லலாம். கேட்டுக்கொள்வார்கள். வளவில் ஒரு வேலிக்கம்பைப் பிடுங்குவதென்றால் அது பெண்களின் விசயம்.

எங்கள் மாமி, அவருக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், தன் வளவை இரண்டு மகள்மாருக்கும் பிரித்துக் கொடுத்தார். தெருப்பக்கம் மூத்தவள் ஜெமீலாவுக்கு. வாவிப்பக்கம் இளையவள் றகீபாவுக்கு. எல்லைக் கோடு நேரே வந்து மாமரத்தில் முட்டியது. வேலி ஒருபக்கத்தால் வந்து மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும், மறுபக்கத்தால் மறுபடி தொடங்கும். இப்போது மரம் யாருக்கு?

மரம் இடுப்பு உயரத்திலேயே கவடு விட்டு இரண்டு பெரிய கொப்பாகப் பிரியும். மாமி அடுப்பங்கரையிலிருந்து கையில் அகப்பையோடு வந்தார். அகப்பைக் காம்பால் காட்டினார்.

"தெருப்பக்கம் பிரியிற கொப்பு மூத்தவக்கு. வாவிப்பக்கம் பிரியிற கொப்பு இளையவக்கு."

சொல்லிவிட்டுக் கறி கிண்டப் போய்விட்டார். அதோடு வழக்கு முடிந்தது.

மரத்துக்கு மாமியின் தீர்ப்பு எங்கே தெரியும்? உயரே போன இடத்தில் இரண்டு கொப்பும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, பின்னி, ஒன்றையொன்று தாண்டி, எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டன. ஜெமீலாவின் கொப்பு போய் றகீபாவின் வளவுக்கு மேல் விரிந்தது. றகீபாவின் கொப்பு வந்து எங்கள் கிணற்றுக்கு மேல் விரிந்தது. கீழே இருந்து பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தெரியும். மாமியும் அப்படித்தான் சொன்னார், குடும்பமே அப்படித்தான் நம்பியது.

அதனால் மாங்காய்க் காலத்தில் எங்கள் வளவில் ஒரு வேடிக்கை நடக்கும். வேலிக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் ஜெமீலா கூடையோடு தங்கையின் வளவுக்குப் போய்த் தன் மாங்காயைப் பறிப்பாள். அதே இடைவெளியால் றகீபா எங்கள் வளவுக்கு வந்து தன் மாங்காயைப் பறிப்பாள். வாவிப்பக்கக் காய் அப்படி ஒரு இனிப்பு. கிணற்றுப் பக்கக் காய் பழுத்தாலும் புளிப்பு விடாது, அச்சாறுக்குத்தான் சரி. ஜெமீலாவுக்கு அதில் ஒரு பெருமை. பறித்ததில் தங்கைக்கும் ஒரு பங்கு கொடுப்பாள். கொடுக்கும்போது, "உம்மா எனக்குத் தந்த கொப்பு" என்று சொல்லியே கொடுப்பாள்.

நாள் குறிக்க வந்தவர்

றகீபாவின் மகள் ஷிப்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. பேசி முடிந்தால் வீடு கட்ட வேண்டும். ஹனீபா கட்டினான். வாவிப்பக்க வளவில் இருந்த ஒரே இடம் மாமரத்துக் கொப்புக்குக் கீழேதான்.

ஓடு போட்டு, வெள்ளை அடித்து, மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். குசினி அடுப்பைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், தண்ணீரைத் திறந்து பார்த்தார். எல்லாம் திருப்தி. கடைசியாக முற்றத்துக்கு வந்து மேலே பார்த்தார்.

"இந்தக் கொப்பு மாரிக் காத்துக்கு ஓட்டுல விழுந்தா, கீழ படுத்துக் கிடக்கிறது என்ட மகன்தானே? இத வெட்டிட்டு எனக்குச் செல்லுங்க. மறுகா நாள் குறிப்பம்."

அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கொப்பு ஒரு ஆளின் தொடைப் பருமன். மழை தொடங்க அதிக நாளும் இல்லை.

அன்று பின்னேரமே றகீபா வேலி இடைவெளியால் வந்தாள். நான் கிணற்றடியில் வாளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அக்காவிடம்தான் பேசினாள்.

"ராத்தா, மச்சான்ட்ட செல்லி அந்தக் கொப்ப வெட்டித் தாங்களன்."

"எந்தக் கொப்ப?"

"உங்கட கொப்பத்தான்."

"உம்மா தந்த கொப்ப வெட்டச் செல்றியா? ஊட்டக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தா என்ன?"

"எங்கால தள்ளுற? வாவிக்குள்ளயா?"

"மாங்கா திங்கக்குள்ள இனிச்சிது. இப்ப கசக்குது."

றகீபாவின் முகம் மாறியது. "நான் எப்ப ராத்தா உங்கட மாங்காயக் கேட்டுத் திண்ட? நீங்களாத் தந்தீங்க. இனித் தர வேணாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் வேலி இடைவெளியில் பின்னிய தென்னங்கிடுகு கட்டியிருந்தது. யார் கட்டியது என்று இருவருமே இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கறிக்கோப்பை போகவில்லை, வரவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பேசும் பேச்சும் நின்றது. என்னைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாமல் வளவு வெறிச்சென்று கிடந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஜெமீலாவின் பக்கத்தையும் எழுதுகிறேன். ஒருநாள் எண்ணெய் தேய்க்கும்போது மெல்லப் பேச்செடுத்தேன். அவள் கை நின்றுவிட்டது.

"வளவு உறுதியில எழுதித் தந்தது. நகை பெட்டியில வெச்சித் தந்தது. அந்தக் கொப்பு ஒண்டுதான் உம்மா எனக்கெண்டு கைநீட்டிக் காட்டித் தந்தது. அவ மௌத்தாகி இவ்வளவு காலமும் அதப் பாத்துட்டுத்தான் இரிக்கன்." எண்ணெய்ப் போத்தலை மூடினாள். பிறகு, "அதுல நீங்க கம்ப வெச்சீங்க, மறுகா கம்பயும் தூக்கிட்டுப் போய்ப் பள்ளியில படுங்க," என்றாள்.

அவள் மனது எனக்கு விளங்கியது. ஆனால் இரண்டு நாள் கழித்துத் தெருவில் ஷிப்னாவைக் கண்டேன். "பெரியப்பா, ஊருக்கெல்லாம் வெட்டுறீங்க. எனக்கு மட்டும் வெட்ட மாட்டீங்களா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

காற்றுக்குப் பல் உண்டா

ஹனீபாவும் நானும் சண்டையில் சேரவில்லை. எங்களுக்கு வளவும் இல்லை, கொப்பும் இல்லை, எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? சந்தித் தேநீர்க் கடையில் கூடிப் பேசினோம். காத்தான்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். அக்காவும் தங்கையும் வேறு வேறாகப் போவார்கள். அந்த நேரம் பார்த்து வெட்டிவிடுவது.

"கேட்டா என்ன செல்ற?" என்றான் ஹனீபா.

"காத்துக்கு முறிஞ்ச எண்டு செல்லுவம்."

"முறிஞ்ச இடத்துல வாள் பல்லு தெரியுமே. காத்துக்குப் பல்லிரிக்கா காக்கா?"

பதில் தேடி இன்னொரு தேநீர் குடித்தோம். வருகிறது வரட்டும் என்று எழுந்து வந்தோம்.

அப்படித்தான் அன்று மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு நான் எங்கள் பக்கத்து மரத்தடியிலும் அவன் தட்டிலும் நின்றோம். கொப்பை ஒரேயடியாக வெட்டினால் ஓடு போய்விடும். அதனால் நுனியிலிருந்து சின்னச் சின்னத் துண்டாகக் கழித்து, ஒவ்வொன்றையும் கொக்கியால் இழுத்து முற்றத்துப் பக்கம் விழுத்தினேன். ஓட்டுப் பக்கம் சாய்வதை ஹனீபா கையால் தள்ளிவிட்டான். நுனிகள் போனதும் கொப்பின் அடிப்பக்கத்துக்கு வழி பார்த்தேன். இரண்டு கொப்பும் பின்னுகிற இடத்தில் குருவிச்சை பிடித்து, கட்டில் அகலத்துக்குப் புதராய் மண்டிக் கிடந்தது. மற்ற மரத்தில் ஒட்டி அதன் சாற்றையே குடித்து வளர்கிற செடி. அதை எடுக்காமல் எங்கே வாள் வைப்பது என்று தெரியாது.

பூட்டைத் தளர்த்திக் கம்பைக் கடைசி வரை நீட்டினேன். அவ்வளவு நீளத்தில் கம்பு வளையும், வாள் சொன்ன இடத்தில் நிற்காது. கழுத்து விண்ணென்று வலித்தது. அறுத்து அறுத்து ஒருவழியாகக் குருவிச்சையை விழுத்தினேன். ஒரு முசுறுக் கூடும் கூடவே வந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

உதறி முடித்து மேலே பார்த்தால், அந்த இடத்தில் வானம் தெரிந்தது. இத்தனை காலமும் நான் காணாத இடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

கொப்பு இரண்டும் தாண்டிப் போகவே இல்லை. பக்கத்தில் வந்து, ஒன்றோடொன்று முட்டி, பட்டை தேய உராய்ந்து, அவையவை தம் பக்கத்துக்கே திரும்பியிருந்தன. குருவிச்சை மறைத்ததால் பின்னித் தாண்டியது போல எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஹனீபா, அந்தக் கொப்பப் பிடிச்சி ஆட்டு."

"எதுக்கு?"

"ஆட்டுடா."

ஆட்டினான். ஆட்டம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தேன். ஓட்டுக்கு மேலே நிற்பது ஜெமீலாவின் கொப்பே இல்லை. வாவிப்பக்கம் பிரிந்து வாவிப்பக்கமே போயிருக்கிற றகீபாவின் கொப்பு.

சொன்னதும் ஹனீபா தட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப இவ ஆருட்டயும் கேக்காமலே வெட்டியிரிக்கலாம்," என்றான்.

கவட்டில் வைத்த கை

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஆட்டோ வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. பந்தி முடிய முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். காரணத்தைப் பிறகுதான் அறிந்தோம். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் உம்மா, நாலு பேர் நடுவில் வைத்து, "கொப்ப வெட்டியாச்சா?" என்று றகீபாவிடம் கேட்டிருக்கிறார். றகீபா பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்துவிட்டாள். பக்கத்துப் பாயில் இருந்து அதைக் கேட்ட ஜெமீலாவுக்கும் சோறு இறங்கவில்லை.

ஜெமீலா எங்கள் முற்றத்துக்கு வந்து கம்பைப் பார்த்தாள், தழையைப் பார்த்தாள், தட்டில் இருந்த ஹனீபாவைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஆரக் கேட்டு வெட்டின?"

"ஜெமீலா, இது உன்ட கொப்பில்ல."

"என்ட கொப்ப எனக்குத் தெரியாதா? வெட்டிப்போட்டு எனக்குப் பாடம் படிப்பிக்கிறீங்களா?"

கிடுகுக்கு அந்தப் பக்கம் றகீபாவும் வந்து நின்றாள். அழுது சிவந்த கண்.

வாயால் சொல்லி இவர்களை நம்ப வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். "ரெண்டு பேரும் கவட்டுக்கு வாங்க," என்றேன். "ஜெமீலா, உம்மா உனக்குக் காட்டின கொப்புல கைய வை. றகீபா, நீ உன்ட கொப்புல வை. நான் ஓட்டுக்கு மேல நிக்கிறத இழுக்கன். ஆருட கைக்குத் தெரியுதெண்டு செல்லுங்க."

ஏனோ மறுக்காமல் வந்தார்கள். மரத்துக்கு ஒருபக்கம் அக்கா, மறுபக்கம் தங்கை, நடுவில் கிடுகு. நான் கம்பைத் தூக்கி, கொக்கியைக் கொப்பில் மாட்டி, பலமாக இழுத்து விட்டேன்.

றகீபா திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். ஜெமீலாவின் கை அசையாமல் இருந்தது.

"இன்னொருக்கா இழுங்க," என்றாள் ஜெமீலா.

இழுத்தேன்.

"இப்ப கிணத்துக்கு மேல நிக்கிறத இழுங்க."

அதை இழுத்தேன். இந்த முறை கொப்பின் நடுக்கம் ஜெமீலாவின் கைக்கு வந்தது. அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அப்ப இவ்வளவு வருசமும் நான் திண்டது உன்ட மாங்காயா?" என்று கேட்டாள்.

கிடுகுக்கு அப்பாலிருந்து றகீபா சொன்னாள்: "நான் திண்டது உங்கட. ஒரே புளி, ராத்தா."

ஜெமீலா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாத சிரிப்பு. மறுபக்கத்திலும் அதே சிரிப்பு. பல நாளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்து வாளை அடிக்கொப்புக்குக் கொண்டுபோனேன்.

"மச்சான், பொறுங்க," என்றாள் றகீபா. "அத வெட்ட வேணாம்."

தட்டிலிருந்து ஹனீபா, "என்ன?" என்றான்.

"அந்த மாங்கா என்ட எண்டு இப்பதானே தெரியும். ஒரு வருசமாவது என்ட எண்டு திண்டு பாக்க வேணாமா?"

"நீ மாங்காக்கு வருசம் பாத்தா, புள்ளட கலியாணத்துக்கு நாள் குறிக்கிறது ஆரு?" என்றாள் ஜெமீலா. "வெட்டு."

"நீங்கதானே வெட்ட ஒண்ணா எண்டு நிண்ட?"

"அது என்ட எண்டு நெனச்சி நிண்ட. இப்ப செல்றன், வெட்டு."

"என்ட கொப்ப வெட்டச் செல்ல நீங்க ஆரு?"

"நான் உன்ட ராத்தா."

கிடுகு அசைந்தது. கட்டை அவிழ்க்க றகீபாவுக்குப் பொறுமை இல்லை, பிய்த்து எறிந்துவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்றாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவடத்தால வெட்டுற எண்டு நீங்களே மச்சானுக்குச் செல்லுங்க," என்றாள்.

ஜெமீலா சொன்னாள். ஓட்டுக்கு மேலே போவதை எடுக்க வேண்டும். கவட்டுக்குக் கிட்ட, வாவிப்பக்கம் நிமிர்ந்து வளர்கிற கிளையை விட வேண்டும். அதில் காய்க்கும். நான் கத்தாரில் கற்றதும் அதைத்தான் சொல்லியிருக்கும், ஆனால் அன்று என்னை யாரும் கேட்கவில்லை.

அடியில் ஒரு வெட்டு. தள்ளி மேலே ஒரு வெட்டு. அந்தப் பருத்த கொப்புக்கு நானும் ஹனீபாவும் மாறி மாறி இழுத்தோம். பின்னேர வெயில் சாயும் நேரம் கொப்பு ஒரு முனகலோடு இறங்கத் தொடங்கியது. நான் "தள்ளி நில்லுங்க" என்று சொல்வதற்குள் ஜெமீலா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திவிட்டாள். கொப்பு முற்றத்தில் விழுந்தது. ஓட்டில் ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தூசி அடங்கிய பிறகும் ஜெமீலா அந்தக் கையை விடவில்லை.

"வா, அந்தப் பொம்புளட ஊட்டுக்கு இப்பவே போவம்," என்றாள். "சபையில வெச்சிக் கேட்டவதானே? பெரியம்மாக்காரி நான் வந்திரிக்கன், நாளக் குறிங்க எண்டு செல்றன். குறிக்காம அந்த ஊட்ட உட்டு எழும்ப மாட்டன்."

போகும்போது திரும்பி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "எங்களுக்குத் தெரியாம வெட்ட வெளிக்கிட்டீங்க, என்ன? வந்து கதைக்கன்."

"நானும் வந்து கதைக்கன்," என்றாள் றகீபா.

இரண்டு பேரும் படலையைத் தாண்டினார்கள். தெருவில் போகும்போதும் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. எங்களைப் பற்றித்தான் இருக்கும். ஹனீபா என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரவைக்கு நல்ல ஏச்சு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தழை பொறுக்கினோம்.